பெண் வேடம் வேண்டும், பெண் வேண்டாமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற மகளிர் கருத்தரங்கில், மகளிர் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

ஷிப்ட் முடித்து நேராக இங்கே வந்திருக்கும் தோழர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, இடமிருந்தும் உட்காரத் தயங்கிப் பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் தங்கைகளே!

‘இன்றைய நாடகத்திலும் மேடைக் கலைகளிலும் பெண்ணியம்’ என்று எங்களுக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெண்ணியம் என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சிலர் அது படித்தவர்கள் சமாச்சாரம் என்று எழுந்து போகிறார்கள். நாங்கள் அந்தச் சொல்லுக்குக் கொள்ளும் பொருள் மிக எளியது. ஆணுக்கு உள்ள உரிமையும் மரியாதையும் பெண்ணுக்கும் உண்டு. இல்லாத இடத்தில் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அவ்வளவுதான். மேடையிலே அது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இன்றைய பேச்சு.

ஊர் ஊராகப் போய் உதாரணம் தேடுவதற்கு முன்னால், நம் வீட்டுத் திண்ணையிலிருந்தே தொடங்குவோம்.

நம் மேடையில் நடந்தது

சென்ற ஆண்டு விழாவில் வரதட்சணைக் கொடுமையைச் சாடி நாம் ஒரு நாடகம் போட்டோம். நல்ல நாடகம்தான். பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். ஆனால் அந்த நாடகம் மேடை ஏறிய கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

கதாநாயகியாக நடிக்க நம் சாலிலேயே ஒரு தங்கை முன்வந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். பத்து நாள் ஒத்திகைக்கு வந்தாள். குரல் அப்படி, வசனம் ஒரு வரி தப்பாது. பதினோராவது நாள் யாரோ ஒருவர் ஒத்திகையைக் கைப்பேசியில் படம் பிடித்து, கீழே நாலு வார்த்தை கேலியாக எழுதி, சாலெல்லாம் அனுப்பிவிட்டார். அன்று இரவே அவள் அப்பா சங்கத்துக்கு வந்தார். ‘என் பிள்ளை இனி வரமாட்டாள்’ என்றார். அவரை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. படம் பிடித்தவரை யாராவது கேட்டோமா? கேட்கவில்லை. தண்டனை அந்தப் பிள்ளைக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது.

பிறகு வெளியிலிருந்து ஒரு நடிகையைக் கூலி பேசி அழைத்து வந்தோம். மாமியார் வேடத்தை நம் தம்பி ஒருவரே சேலை கட்டிக்கொண்டு நடித்தார். அவர் இடுப்பை ஒடித்து நடந்தபோதெல்லாம் கைதட்டல். வந்த நடிகைக்கு உடை மாற்ற அறை இல்லை. பந்திக்கான அண்டாக்களைக் குவித்து வைத்திருந்த மூலையில், எங்களில் இரண்டு பேர் போர்வையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நின்றோம். நாடகம் முடிந்தது. எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். ‘நீயும் உட்காரம்மா’ என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். போர்வை பிடித்த நாங்களும் பேசாமல்தான் இருந்தோம். அதை மறைக்க விரும்பவில்லை.

தோழர்களே, ‘பெண்ணும் மனிதப் பிறவிதான்’ என்பதுதான் அன்றைய நாடகத்தின் கடைசி வசனம்!

மேடையில் பெண்ணின் கதை நடப்பது ஒன்று. மேடையில் பெண் மரியாதையோடு நிற்பது இன்னொன்று. முதலாவது நடந்துவிட்டால் இரண்டாவதும் நடந்துவிட்டதாக நாம் நம்பிக்கொள்கிறோம். அந்த நம்பிக்கை பொய் என்பதைத்தான் நாங்கள் எடுத்துச் சொல்ல வந்திருக்கிறோம்.

வேடமும் ஆளும்

இது நம் சங்கத்தில் மட்டும் உள்ள வழக்கம் அல்ல. பழைய வழக்கம். தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று நாம் போற்றும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) சிறுவர்களைக் கொண்டு நாடகக் குழு நடத்தினார். அந்தக் குழுவில் பயின்ற தி.க. சண்முகம் பின்னாளில் ஔவையாராகவே நடித்து, ‘ஔவை சண்முகம்’ என்று பெயர் பெற்றார். தமிழின் மாபெரும் பெண் புலவரை மேடையில் காட்டிப் புகழ்பெற்றவர் ஓர் ஆண்.

நாம் வாழ்கிற இந்த மராட்டிய மண்ணிலும் அதே கதைதான். பால கந்தர்வர் (1888–1967) என்ற பெரும் நடிகர் பெண் வேடம் கட்டி மேடையில் வந்தால், அவர் சேலை உடுத்தும் விதத்தைப் பார்த்துக் குடும்பப் பெண்கள் பின்பற்றினார்களாம். புனேயில் அவர் பெயரில் பெரிய அரங்கமே இருக்கிறது. அவருடைய கலையை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான். பெண் எப்படி நடக்க வேண்டும், எப்படி வெட்கப்பட வேண்டும், எப்படி உடுத்த வேண்டும் என்பதையும் ஆணிடமிருந்தே பெண் கற்றுக்கொள்ளும் நிலை ஏன் வந்தது? மேடை ஏறும் பெண்ணை ஊர் ஒதுக்கி வைத்ததால் வந்தது.

ஒதுக்கலையும் மீறி ஏறியவர்கள் உண்டு. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார். கொடுமுடியிலிருந்து வந்து, ரயிலில் பாடிக்கொண்டிருந்த ஏழைச் சிறுமி கே.பி. சுந்தராம்பாள், மேடையில் ஆண் வேடமும் ஏற்றார். 1935-இல் வந்த படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் என்பது அந்நாளில் ஊரெல்லாம் பேசிய செய்தி. ஆண் பெண்ணாக நடித்தால் கலை, பெண் ஆணாக நடித்தால் கேலி என்று சொல்பவர்கள் சுந்தராம்பாளை நினைத்துக்கொள்ளட்டும்.

கல்கத்தாவில் நடந்ததையும் கேளுங்கள். வினோதினி தாசி (1863–1941) என்ற நடிகை. ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். 1883-இல் அங்கே ஒரு புதிய நாடக அரங்கு எழுந்தபோது அதற்காகத் தன்னையே விலையாகக் கொடுக்க நேர்ந்தவர். அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டுவதாகச் சொன்னார்கள். கட்டி முடித்த பிறகு ‘ஸ்டார்’ என்று பெயர் எழுதினார்கள். இழிகுலத்துப் பெண்ணின் பெயரைப் பலகையில் எழுதினால் பெரிய மனிதர்கள் வரமாட்டார்கள் என்பது காரணம். அந்த வஞ்சனையை அவரே தன் வரலாற்றில் எழுதி வைத்தார். கல்கத்தாவில் அதே பெயர் தாங்கி நின்ற அரங்குக்கு ‘வினோதினி’ என்று பெயர் வைக்கப்போவதாக மேற்கு வங்க அரசு 2024 டிசம்பரில் அறிவித்தது. ஒரு பெண்ணின் பெயர் பலகைக்கு ஏற 141 ஆண்டுகள்!

வயிற்றுக்காக ஆடியவர்கள்

ஊரில் கோயில் கொடைக்கு ஸ்பெஷல் நாடகம் பார்க்காதவர்கள் நம்மில் யார்? இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை நடக்கும். வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. மேடையில் வந்துதான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். பார்த்த மாத்திரத்தில் வாதத்துக்கு எதிர்வாதம், பாட்டுக்குப் பாட்டு. அந்த ஸ்திரீபார்ட் அம்மாவுக்கு எத்தனை பாட்டு மனப்பாடம், எத்தனை ராகம் கைவசம் என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அது உழைப்பு; தேர்ந்த தொழில்.

ஆனால் விடிந்த பிறகு அவர்களுக்கு நாம் கொடுத்த பெயர் என்ன? ‘கூத்தாடி.’ நம் வீட்டில் சத்தமாகச் சிரிக்கும் பெண் பிள்ளையை அதட்ட இன்றைக்கும் அந்தச் சொல்லைத்தானே எடுக்கிறோம்? அந்தப் பெண்கள் தனியாகப் பஸ் ஏறப் பயந்து தாயையோ அக்காளையோ துணைக்கு அழைத்துக்கொண்டு போகிறார்கள். நாடகக்காரி என்று தெரியாமலிருக்க முக்காடு போட்டுக்கொண்டு ஊரைக் கடக்கிறார்கள். மேடையில் முருகனுக்கு மாலையிட்ட வள்ளி, காலையில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார முடியாது.

இங்கே மராட்டியத் தமாஷாவிலும் அப்படித்தான். விட்டாபாய் நாராயண்காவ்கர் (1935–2002) என்று ஒரு பெரும் கலைஞர். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். குடியரசுத் தலைவர் கையால் விருது வாங்கியவர். நிறைமாதத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது வலி எடுத்து, திரைக்குப் பின்னால் பிள்ளையைப் பெற்றுவிட்டு, மீதி ஆட்டத்தை ஆட மறுபடி மேடைக்கு வந்தார் என்பது இந்த மாநிலமெங்கும் சொல்லப்படும் செய்தி. இதைச் சொல்லும்போது ஆண்கள் ‘என்ன கலைப்பற்று!’ என்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டம் நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை. கம்பெனிக்காரர் எல்லோருக்கும் சோறு இல்லை. கட்டட வேலையில் நிறைமாதத்தோடு சட்டி சுமந்த நம் பெண்களுக்கு இது புரியும். அத்தனை புகழ் பெற்ற அவர் கடைசிக் காலத்தில் வறுமையில்தான் வாடினார். இறந்த பிறகு அவர் பெயரில் அரசு விருது கொடுக்கிறது.

2005-இல் மகாராஷ்டிர அரசு மதுக்கூடங்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்தது. பெண்களின் கண்ணியத்தைக் காப்பதற்கு என்றார்கள். ஆனால் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்களுக்கு அந்தத் தடை இல்லை! பணக்காரன் முன்னால் ஆடினால் கண்ணியம் கெடாது. சாதாரணக் கடையில் ஆடினால் கெட்டுவிடும். இந்தப் பாகுபாடு செல்லாது என்று 2006-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2013-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மறுபடி சட்டம் போட்டார்கள். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதிலுள்ள பல கட்டுப்பாடுகளை நீக்கியது. பெண்கள் இயக்கத்துக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து இருந்தது. சிலர் தடையை ஆதரித்தார்கள், சிலர் எதிர்த்தார்கள். அந்த ஆட்டத்தை நாங்கள் புகழ வரவில்லை. பெண்ணுக்கு வேறு வேலை கொடுக்காமல், இருக்கிற வேலையை மட்டும் பறித்துவிட்டுக் கண்ணியம் பேசுவது கண்ணியம் ஆகாது என்கிறோம். மேடையில் நிற்கும் பெண்ணும் ஒரு தொழிலாளி. கூலி, பாதுகாப்பு, மரியாதை மூன்றையும் கேட்க அவளுக்கு உரிமை உண்டு.

தெருவுக்கு வந்த நாடகம்

இப்படி அடக்கி வைத்த பெண்கள் எப்போது நாடகத்தைத் தங்கள் கையில் எடுத்தார்கள்? 1970களின் கடைசியில்.

தில்லியில் புதுமணப் பெண்கள் ஸ்டவ் வெடித்துச் செத்தார்கள், ஸ்டவ் வெடித்துச் செத்தார்கள் என்று நாள்தோறும் செய்தி வந்த காலம் அது. ஸ்டவ் ஏன் மருமகளை மட்டும் தேடி வெடிக்கிறது என்று பெண்கள் கேட்கத் தொடங்கினார்கள். 1979-இல் ‘ஸ்திரீ சங்கர்ஷ்’ அமைப்பினர் ‘ஓம் ஸ்வாஹா’ என்ற தெரு நாடகத்தைப் போட்டார்கள். அதே ஆண்டில் ஜன நாட்டிய மஞ்ச் குழுவின் ‘ஔரத்’ வந்தது. ‘ஔரத்’ என்றால் பெண். உழைக்கும் பெண்களின் மாநாட்டுக்காகத் தயாரான நாடகம். திரை இல்லை, மேடை இல்லை, பெட்ரோமாக்ஸ் இல்லை. ஆலை வாசலில் வட்டமாக நின்றால் அதுதான் அரங்கம். மகளாக, மனைவியாக, மாணவியாக, வேலை இழந்த தொழிலாளியாக ஒரு பெண் மாறி மாறி வந்து நிற்பாள். அப்பனும் புருஷனும் முதலாளியும் வேறு வேறு ஆட்கள் என்றாலும், அவர்கள் பேசும் தோரணை ஒன்றே என்பது பார்ப்பவர்களுக்குத் தானாக விளங்கும்.

தெருவில் கேட்ட கேள்வி நாடாளுமன்றம் வரை போயிற்று. 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் இருந்தது, தாளில் இருந்தது. ஊர்வலம், மறியல், நாடகம் என்று பெண்கள் விடாது போராடிய பிறகே 1983-இல் கணவன் வீட்டாரின் கொடுமையைத் தண்டிக்கும் 498-ஏ பிரிவும், 1986-இல் வரதட்சணைச் சாவைத் தனிக் குற்றமாக்கும் 304-பி பிரிவும் வந்தன. நாடகத்தால் மட்டும் சட்டம் வந்தது என்று மிகைப்படுத்த மாட்டோம். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த சங்கதியை நடுத்தெருவில் நிறுத்தியதில் நாடகத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

நம் ஊருக்கே வருவோம். அப்போது இதற்குப் பம்பாய் என்று பெயர். 1975-இல் இங்கே தொடங்கிய ‘ஸ்திரீ முக்தி சங்கடனா’ 1983-இல் ‘முல்கி ஜாலி ஹோ’ என்று ஒரு மராத்தி நாடகத்தை மேடை ஏற்றியது. ‘பெண் பிறந்திருக்கிறாள்’ என்று பொருள். எழுதியவர் ஜோதி மாப்சேக்கர். நூலகராக வேலை பார்த்தவர். நடித்தவர்கள் யார்? வீட்டையும் வேலையையும் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் ஒத்திகைக்கு வந்த பெண்கள். ஊதியத்துக்கு நடித்தவர்கள் அல்லர். பெண் பிறந்ததும் வீட்டில் விழும் இருட்டு, அண்ணனுக்குப் பள்ளிக்கூடம் தங்கைக்கு அடுப்படி என்ற வளர்ப்பு, வரதட்சணைச் சந்தை என்று எல்லாவற்றையும் பாட்டும் நையாண்டியுமாகச் சொன்னார்கள். ஒரு வார்த்தை உபதேசம் இருந்தால் நாலு இடத்தில் சிரிப்பு இருந்தது. தன்னைப் பார்த்துத் தானே சிரிக்க வைத்தார்கள். அதனால்தான் அந்த நாடகம் பெருநகர அரங்குகளிலிருந்து கிராமத்துச் சாவடி வரை போனது. வேறு மொழிகளுக்கும் போனது. அதே அமைப்புதான் பின்னாளில் இந்த மாநகரத்துக் குப்பை பொறுக்கும் பெண்களைத் திரட்டி அமைப்பாக்கியது. மேடையிலே தொடங்கிய வேலை மேடையோடு நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த நாடகத்தைப் பார்த்துச் சிரித்த நாம், நம் வீட்டில் பெண் பிறந்தபோது எத்தனை பேர் பேடா வாங்கிக் கொடுத்தோம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லிக்கொள்வோம்.

இன்னொரு செய்தியும் இங்கே சொல்லியாக வேண்டும். 1989 ஜனவரி 1-ஆம் நாள், தில்லிக்கு அருகே சாகிபாபாத் தொழிற்பேட்டையை ஒட்டிய ஜண்டாபூரில், தொழிலாளர் கோரிக்கைகளைச் சொல்லும் ‘ஹல்லா போல்’ நாடகத்தை ஜன நாட்டிய மஞ்ச் நடத்திக்கொண்டிருந்தது. குண்டர்கள் புகுந்து தாக்கினார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். அடிபட்ட சப்தர் ஹாஷ்மி மறுநாள் உயிர் நீத்தார். அவர் மனைவி மொலோயஸ்ரீயும் அந்தக் குழுவின் நடிகை. நம் வழக்கப்படி அந்தப் பெண் மூலையில் உட்கார்ந்து அழ வேண்டும். வாசல் தாண்டக் கூடாது. ஜனவரி 4-ஆம் நாள், அதே குழு, அதே இடம். பாதியில் நின்ற நாடகத்தை முடித்துக் கொடுக்க மொலோயஸ்ரீ வந்து நின்றார், நடித்தார். கணவனை இழந்த பெண் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்று நம்மில் இன்னும் சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்த ஜனவரி 4 பதில் சொல்லும்.

பழைய கதை, புதிய பார்வை

தெருவில் புதிய கதை சொன்னது ஒரு வழி. பழைய கதையையே பெண்ணின் பக்கமிருந்து சொல்வது இன்னொரு வழி.

சத்தீஸ்கரில் பிலாய்க்கு அருகே ஓர் ஏழைப் பழங்குடிக் குடும்பத்தில் 1956-இல் பிறந்தவர் தீஜன்பாய். பாண்டவர் கதையைப் பாடும் பண்டவானி என்ற கலையில், பெண்கள் உட்கார்ந்துதான் பாட வேண்டும், நின்று ஆடிப் பாடுவது ஆண்களுக்கு உரியது என்று வழக்கம். பதின்மூன்று வயதில் தம்பூராவோடு எழுந்து நின்றார் அந்தச் சிறுமி. அதே தம்பூரா பீமனின் கதாயுதமாகும், அர்ச்சுனன் வில்லாகும், திரௌபதியின் கூந்தலாகும். பாடிய குற்றத்துக்குச் சாதி அவரைத் தள்ளி வைத்தது. தனிக் குடிசை போட்டுக்கொண்டு பாடினார். பின்னாளில் பிலாய் உருக்காலையில் வேலை கிடைத்தது. 2003-இல் பத்மபூஷண், 2019-இல் பத்மவிபூஷண். எழுந்து நிற்பதே ஒரு புரட்சி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கல்கத்தாவில் உஷா கங்குலி (1945–2020) நம்மைப் போலவே, வேற்றுமொழி ஊரில் தன் மொழி நாடகத்தை வளர்த்தவர். வங்காளிகள் ஊரில் ‘ரங்ககர்மி’ என்ற இந்தி நாடகக் குழுவை 1976-இல் தொடங்கினார். மகாசுவேதா தேவியின் கதையை வைத்து 1992-இல் ‘ருதாலி’ நாடகத்தை மேடை ஏற்றி, தானே சனிச்சரி ஆனார். தன் வீட்டுச் சாவுகளுக்கு அழக்கூட நேரமில்லாத ஏழைப் பெண், ஜமீன்தார் வீட்டுச் சாவில் கூலிக்கு அழுகிறாள். ஒப்பாரி வைக்கத் தெரிந்த நம் பாட்டிமார் அதைப் பார்த்தால் தலையாட்டியிருப்பார்கள். அழுகையும் ஒரு வேலை, அதற்கும் விலை உண்டு என்பதை எந்தப் புத்தகமும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

தமிழ்நாட்டிலும் இது நடந்தது. அ. மங்கை ‘மௌனக்குறம்’, பெண் சிசுக்கொலையைப் பற்றிய ‘பச்ச மண்ணு’ போன்ற நாடகங்களை 1990களில் பெண்களை வைத்து இயக்கினார். கவிஞர் இன்குலாப் (1944–2016) எழுதிய ‘ஔவை’யையும் அவர் மேடைக்குக் கொண்டுவந்தார். அதில் வரும் ஔவை, கோலூன்றி நீதி சொல்லும் கிழவி இல்லை. யாழோடும் பாட்டோடும் ஊர் சுற்றும் இளம் பாண் மகள். கள் உண்பவள், காதலிப்பவள், மன்னன் முகத்துக்கு நேரே பேசுபவள். சங்கப் பாட்டில் உள்ள ஔவை அவள்தான். பாட்டி வேடத்தில் பார்த்துப் பார்த்து நாம் மறந்துபோன ஔவை. முன்பு சொன்ன ஔவை சண்முகத்தையும் இந்த ஔவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யார் சொல்கிறார்கள் என்பது மாறினால் சொல்லப்படும் பெண்ணே மாறிவிடுகிறாள்.

கட்டைக்கூத்தில் பெண்கள் ஆடுவதில்லை என்பதே முறை. காஞ்சிபுரத்தை அடுத்து 2002 முதல் 2020 வரை நடந்த கூத்துக் குருகுலத்தில் பையன்களோடு பெண் பிள்ளைகளும் பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றார்கள். தோளிலும் தலையிலும் கட்டை அணிந்து அவர்கள் கிறுகிறுவென்று சுழன்றபோது எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை.

நாங்கள் கேட்பது

நேரம் ஆகிறது. நம் சங்கத்துக்கு வருகிறோம்.

‘எல்லாம் சரி, மேடை ஏறினால் கல்யாணம் தடைப்படுமே’ என்று ஒரு சித்தி எங்களிடம் கேட்டார்கள். நியாயமான பயம். அதைப் பரிகசிக்க மாட்டோம். ஆனால் சித்தி, தடை எங்கிருந்து வருகிறது? பிள்ளை நடித்ததால் வரவில்லை. அதைப் பற்றி நாம் பேசும் பேச்சால் வருகிறது. பேசுகிற நாக்கு நம்முடையது. அதை அடக்க வேறு ஊரிலிருந்து ஆள் வரப்போவதில்லை. ஒரு பிள்ளை தனியாக ஏறினால் அவள் பெயர் அடிபடும். இருபது பெண்கள் சேர்ந்து ஏறினால் யார் பெயரைச் சொல்லிக் கேலி செய்வார்கள்?

‘ஒத்திகைக்குப் பெண்கள் வருவதில்லை’ என்று பொறுப்பாளர்கள் சொல்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒத்திகை வைத்தால் யார் வருவார்கள்? குழாயில் தண்ணீர் வரும் நேரம், சோறு வடிக்கும் நேரம், பிள்ளை தூங்கும் நேரம் எதையும் கேட்காமல் நேரம் குறித்துவிட்டு, வரவில்லை என்று சொல்வது நியாயமா?

ஆகவே மகளிர் குழுவின் சார்பில் ஐந்து கோரிக்கைகளை இந்த அவையில் வைக்கிறோம்.

ஒன்று: இனி நம் மேடையில் பெண் வேடத்தை நம் பெண்களே ஏற்க வேண்டும். விருப்பமுள்ள பெண் ராஜா வேடம் கேட்டாலும் கொடுக்க வேண்டும்.

இரண்டு: நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கறுத்த பெண்ணை, குண்டான பெண்ணை, கைம்பெண்ணை, திருநங்கையைக் கேலி செய்யும் வசனம் நம் மேடையில் வேண்டாம். மனைவியை அறைந்தால் கைதட்டும் காட்சியும் வேண்டாம்.

மூன்று: ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடக்கட்டும். அந்த நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஆண்கள் முறை வைத்து ஏற்கட்டும்.

நான்கு: மேடைக்குப் பக்கத்தில் கதவுள்ள ஓர் அறையும் கழிப்பிடமும் வேண்டும். வெளியிலிருந்து வரும் கலைஞர், பெண்ணோ ஆணோ, பேசிய கூலியை மேடை ஏறும் முன்பே பெற வேண்டும். அவர் பெயர் நோட்டீஸில் இருக்க வேண்டும். நம்மோடு ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும்.

ஐந்து: ஒத்திகையில் அனுமதி இல்லாமல் யாரும் படம் பிடிக்கக் கூடாது. மீறி ஒரு பெண்ணின் படத்தைக் கேலியாகப் பரப்பினால், பரப்பியவரைச் சங்கம் கூட்டத்தில் நிறுத்திக் கேட்க வேண்டும். அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் பொறுப்பாளர்கள் நேரில் போய், ‘சங்கம் உன் பக்கம் நிற்கிறது’ என்று சொல்ல வேண்டும்.

இந்த ஐந்துக்கும் பெரிய செலவு இல்லை. ஒரு கதவும் கொஞ்சம் மனமும் போதும்.

கடைசியாக ஒன்று. சென்ற ஆண்டு ஒத்திகையிலிருந்து நின்றுபோன தங்கை இன்றைக்கு இந்த அவையில் இருக்கிறாள். எந்த வரிசையில் என்று சொல்ல மாட்டோம்; எல்லோரும் திரும்பிப் பார்த்தால் அவள் கூசிப்போவாள். அவள் அப்பாவும் வந்திருக்கிறார். அண்ணாச்சி, உங்களிடம் நாங்கள் வேண்டிக்கொள்வது இதுதான். இந்த ஆண்டு ஒத்திகைக்குப் பிள்ளையைத் தனியாக அனுப்ப வேண்டாம். நீங்களும் வாருங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். அவள் வசனம் பேசும்போது முதல் கைதட்டல் உங்களுடையதாக இருக்கட்டும். அதற்குப் பிறகு கேலி செய்ய எந்தக் கைப்பேசிக்குத் துணிச்சல் வருகிறது என்று நாம் எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.